ஒரு குடம் நல்ல தண்ணீர்

சின்னப்பாலம் அக்காவுக்கும், மண்டபம் வயர்லெஸ் அண்ணனுக்கும், பெயர் போட வேண்டாம் என்று சொன்ன மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி எழுந்துவிட்டது. வெள்ளைத் திரையின் அடியில் ‘1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்’ என்ற அந்த ஒற்றை வரி வந்து நின்றது. எனக்குக் கை நடுக்கம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. மனசு ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்ல வேண்டியது பாதி விட்டுப்போகும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அந்த மழையைப் பற்றிப் பாம்பன்காரர்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தண்ணீர் நின்ற கோடு எல்லார் வீட்டுச் சுவரிலும் இன்னும் இருக்கிறது. அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனதும், அதற்கப்புறம் ராமநாதபுரத்தில் நாங்கள் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கஞ்சி வேண்டாம், மீன் குழம்பு வை என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். அவரைத் தூக்கிய கைகளுக்கு நன்றி என்று ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்; வருகிறேன். இந்த மடல் பெட்டியைப் பற்றியது.

அது ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். வீட்டு டிவியோடு இணைத்துப் பயன்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர். கறுப்பு உடம்பு, சாம்பல் நிற ரப்பர் பொத்தான்கள், மூலையில் நாலு நிறப் பட்டை. அப்பா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். 1983 தொடக்கத்தில் அவருடைய கப்பல் இங்கிலாந்தில் நின்றபோது வாங்கினார். அப்போது 16 கே நினைவகம் உள்ள பெட்டி 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. அப்பா சின்னதை வாங்கிக்கொண்டு, மிச்சமான 50 பவுண்டை வீட்டுக்கு ஓடு போட அனுப்பினார். அந்த ஓட்டுக்குக் கீழேதான் நாங்கள் வளர்ந்தோம். இலங்கை டிவியான ரூபவாகினி பார்ப்பதற்கென்று சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிவியில்தான் பெட்டியையும் மாட்டுவார். லீவில் வரும்போதெல்லாம், ‘அடுத்த தடவை மெமரி ஐசி வாங்கிட்டு வந்து 48 ஆக்கிருவோம்’ என்பார். ஐசி என்றால் போர்டில் மாட்டும் சின்னச் சில்லு. அது நடக்கவேயில்லை. அவர் போன பிறகு பெட்டி பரணில் கிடந்தது. அதை இறக்கி, அவர் சொன்னபடி 48 ஆக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்ததைத் திண்ணையைக் கடந்து போகும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மழை வந்தபோது வேலை பாதியில் இருந்தது. பெட்டியின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு, பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில் கிடந்தது. மின்தேக்கிகளை எல்லாம் புதிதாக மாற்றி, புது ஐசிகளுக்கான சாக்கெட்டுகளையும் பற்றவைத்து முடித்து, ஐசிகள் வருவதற்காகக் காத்திருந்தேன். வானமும் கடலும் சேர்ந்து வீட்டுக்குள் வந்த அந்த ராத்திரி, எனக்கு அம்மாவைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

திரும்பி வந்து பார்த்தபோது அக்கா வீட்டுத் தாழ்வாரக் கொடியில், நிழலில், போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்துத் துளையில் வலைநூல் கோத்து, காற்று இரண்டு பக்கமும் படும்படி கட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். ஒரு இடத்திலும் பிசுபிசுப்பு இல்லை.

அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற சனத்தில் ஒருவர். அந்த வாரம் அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். காயவைத்துக் கட்டி வைத்திருந்த பாசி அத்தனையும் நனைந்து வீணாகியிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரியும் வரவில்லை. இருக்கிற ஒரு குடம் நல்ல தண்ணீரைக் குடிக்க வைப்பதா, உலை வைப்பதா என்று வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்த நாட்கள். ராமநாதபுரம் கரையில் நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர் கிடையாது. கிணறு தோண்டினாலும் உப்பு, போர் போட்டாலும் உப்பு என்கிற ஊர் இது.

அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் அக்கா இந்தப் போர்டின் மேல் ஊற்றியிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாமான்களில் எது மிஞ்சும் என்று பார்க்க உள்ளே வந்தவர், தட்டோடு உப்புத் தண்ணீரில் கிடந்த இதை எடுத்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பில் மொண்டு ஊற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்து, சொட்டுகிற தண்ணீரை நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்த்து, கரிப்பு நிற்கும் வரை அலசியிருக்கிறார்.

‘உப்புத் தண்ணி காயிறதுக்கு முந்தி நல்ல தண்ணி காட்டிரணும் தம்பி. காஞ்சு போச்சுன்னா தின்ன ஆரம்பிச்சிரும். வள்ளத்துல ஜிபிஎஸ் நனைஞ்சப்ப எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் செஞ்சாரு. இப்ப கரண்டு கிரண்டு குடுத்துறாத’ என்றார்.

குடிக்கிற தண்ணீரை இதற்குப் போய் ஏன் அக்கா ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

‘உங்க அப்பா சாமான்னு தெரியும்ல’ என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அவர் செய்தது எவ்வளவு சரியான காரியம் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பழைய சாமான்களைப் பழுது பார்க்கிறவர்களில் பலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் துடைத்தால் எல்லாம் போய்விடும் என்றுதான் நினைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பற்றவைப்புப் பசையும் அதில் போகும். உப்பு அதில் கரைவது மிக மிகக் குறைவு. தண்ணீரில்தான் உப்பு கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உப்புப் படிந்த போர்டு வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் உண்மையில் காயாது. அந்த ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிபட்டு அறுந்துவிடும். ஆகவே முதலில் நல்ல தண்ணீர், அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், அதற்குப் பிறகுதான் மிச்ச ஈரத்தை விரட்ட ஆல்கஹால். அக்கா செய்த முதல் வேலை நேரத்தோடு நடக்காமல் இருந்திருந்தால் மற்ற இரண்டாலும் ஒரு பயனும் இருந்திருக்காது.

இந்தப் பெட்டிகளின் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தப் போர்டு அங்கிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு குளிர்நாட்டில் பெண்கள் கையால் உருவான ஒரு சாமானை, பாம்பன் கரையில் ஒரு பெண் கை காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்றவர்களை இப்படிச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள். படகு வயர்லெஸ்ஸும் கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ரிப்பேர் பார்க்கும் மண்டபம் அண்ணன், தன் கடையிலேயே சேறு வாரி முடியாத நேரத்தில் இந்தப் போர்டை வாங்கி வைத்துக்கொண்டார். டிவிக்குப் படம் அனுப்பும் தகரக் கூட்டுக்குள் தண்ணீர் தங்கியிருக்கும் என்று அவர்தான் மூடியைத் திறந்தார், தங்கித்தான் இருந்தது. பெராண்டி நிறுவனம் சின்க்ளேருக்கென்றே செய்துகொடுத்த, டிவிப் படத்தை உருவாக்கும் யுஎல்ஏ ஐசியைச் சாக்கெட்டிலிருந்து நோகாமல் கழற்றி, அடியிலும் அலசினார். பழைய நினைவக ஐசிகள் எட்டுக்கும் 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் என்று மூன்றும் வேண்டும். மைனஸ் 5 வராமல் மற்றவை வந்தால் அந்த எட்டும் செத்துப்போகும். அதனால் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று வோல்டேஜும் ஒழுங்காக வருகிறது என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே திரும்ப மாட்டவிட்டார். காசு வாங்கவில்லை.

மதுரையில் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், பிசி எக்ஸ்டி என்ற பழைய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றிலிருந்து 4164 என்ற எண்ணுள்ள எட்டு நினைவக ஐசிகளைக் கழற்றிக் கொடுத்தார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று. சின்க்ளேர் தன் 48 கே பெட்டிகளில் பயன்படுத்தியது, 64 கே ஐசிகளில் ஒரு பாதி பழுதானவற்றை. அவை மலிவாகக் கிடைக்கும். நல்ல பாதியான 32 கே மட்டும் வேலை செய்தால் போதும், ஏற்கெனவே இருக்கும் 16 கேயோடு சேர்ந்து 48 ஆகிவிடும். எந்தப் பாதி நல்லது என்பதற்குப் போர்டில் ஒரு கம்பி இணைப்பு இருக்கிறது. பாதி கெட்டதைத் தூக்கிப் போடாமல் மீதியை வைத்து இத்தனை பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது.

சென்னை ரிச்சி தெருவில் மிச்சம் நான்கு லாஜிக் ஐசிகளைத் தேடி எடுத்துக் கொடுத்த பெரியவருக்கும், ரயில் மண்டபத்தோடு நின்ற அந்த நாட்களில் பார்சலைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தம்பிக்கும், விசைப்பலகையின் பொத்தான்களுக்கு அடியில் இருக்கும், விரிசல் விட்ட மெம்ப்ரேன் தாளுக்குப் பதில் புதிது அனுப்பிய வெளிநாட்டு நண்பருக்கும், புது டிவியில் படம் வரும்படி காம்போசிட் இணைப்பு போட்டுத் தந்த ராமநாதபுரம் செல்போன் கடைப் பையனுக்கும் நன்றி.

நேற்று எல்லாம் மாட்டி முடித்ததும், அக்காவின் பேத்தியைத்தான் தட்டச் சொன்னேன். இந்தப் பெட்டியில் பி என்ற பொத்தானை அழுத்தினால் ‘பிரிண்ட்’ என்று முழுச் சொல்லாகவே வரும். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. 23732, 23733 ஆகிய இரண்டு இடங்களில் பெட்டி தன் நினைவகத்தின் கடைசி எல்லையைக் குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்கும் வரியை நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அப்பா காலத்தில் இந்தக் கேள்விக்கு வந்த பதில் 32767. நேற்று 65535 என்று வந்தது. 16, 48 ஆகிவிட்டது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, ‘ஆயிருச்சா?’ என்று கேட்டார். ‘ஆயிருச்சும்மா’ என்றேன். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

அக்காவுக்கு நான் என்ன திருப்பிக் கொடுப்பது? பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். கொடுப்பதும் மரியாதை இல்லை. ஒரு குடத்தை நிரப்பிக் கொடுத்தாலும் அந்த வாரத்துக் குடம் ஆகாது. அவர் தனக்கு மிஞ்சுமா என்று பார்க்காமல், எதற்கு என்று கேட்காமல் செய்தார். நானும் அப்படியே செய்வது ஒன்றுதான் வழியாகத் தெரிகிறது.

அதனால் ஊரறியச் சொல்கிறேன். இனிமேல் எங்கள் திண்ணையில் எப்போதும் டிஸ்டில்டு வாட்டர் கேன் இருக்கும், பிரஷ் இருக்கும், மல்டிமீட்டர் இருக்கும். கடல் தண்ணீர் பட்ட ஜிபிஎஸ், டார்ச், செல்போன், ரேடியோ எதுவானாலும் கொண்டு வாருங்கள். பாசிக்குப் போகிற அக்காமாருக்கும் வள்ளத்துக்காரர்களுக்கும் முதலில் பார்ப்பேன், காசு கிடையாது. கொண்டுவருவதற்கு முன் ஆன் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி கழற்ற வருவதாக இருந்தால் கழற்றிவிட்டு, காயவிடாமல் நல்ல தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் நனைந்தபடியே கொண்டு வாருங்கள், தண்ணீர் நான் வைத்திருக்கிறேன்.