கழற்ற மறந்த லூப் ஒயர்

பர்லிங்டன், வெர்மான்ட்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. தீபாவளிக்குப் போட்டதற்கே பதில் வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. தங்கச்சிதான் ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருக்கிறாள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, நான் போடுகிற கத்தல் இங்கே தெருமுனை வரை போகிறது. அதனால் இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியில் இந்த மாதம் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. நல்லதாகப் போயிற்று, வீட்டு வேலை பார்க்க நேரம் கிடைக்கிறது. கூடத் தங்கியிருந்த ஆந்திராப் பையனும் நவம்பரில் டெக்சாஸ் போய்விட்டான். வீடு விசாலமாக இருக்கிறது.

குளிருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். வயர்மேனுக்கு எழுதுவதால் விவரமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு வேண்டியதை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்கு அடியில் எண்ணெயில் ஓடுகிற பெரிய ஹீட்டர் இருக்கிறது. அதைத் தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு 55 டிகிரியில் வைத்திருக்கிறேன். (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட், நாம் காய்ச்சல் பார்க்கிற கணக்கு.) நான் குளிர் காய்வது கூடத்தில் இருக்கிற பெல்லட் ஸ்டவ்வில். பெல்லட் என்கிற, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைப் பார்த்தால் நம்ம பசுவுக்கு வைக்கிற தீவனமேதான். மூட்டை 18 கிலோ. மேலே கொட்டிவிட்டால் எண்ணெய் மில்லில் இருக்கிற மாதிரி ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். பற்றவைப்பது ஹீட்டர் காயில், புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன், சூட்டை அறைக்குள் விட இன்னொரு ஃபேன். கரண்ட் போனால் எல்லாமே நின்றுவிடும். அப்போது கம்பளிதான்.

கடுங்குளிரில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை தின்னும். ஊர்க்காரர்கள் கோடையிலேயே 50 மூட்டை, அதாவது இந்த ஊர்க் கணக்கில் ஒரு டன், இறக்கிவிடுவார்கள். விலையும் குறையும். நான் வாரத்துக்கு நாலைந்தாக வாங்கி வருகிறேன். காரில் அதற்கு மேல் ஏற்ற முடியாது.

பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் அது எரிவானேன் என்று ஒரு தெர்மோஸ்டாட் வாங்கினேன். நேரம் வாரியாகச் செட் பண்ணிக்கொள்ளலாம். உங்களுக்குச் சொல்வதானால் மேல்தொட்டி ஃப்ளோட் சுவிட்ச்தான். தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடுகிற மாதிரி, சூடு இறங்கினால் ஸ்டவ் ஓடும். இரண்டே ஒயர். வீட்டுக் கரண்ட் இல்லை, 24 வோல்ட்டுக்குள் அடங்கியது. தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு பென்சில் செல் போதும். கடையில் 240 வோல்ட் சுவர் ஹீட்டருக்கானதும் பக்கத்திலேயே தொங்குகிறது, பார்க்க ஒரே மாதிரி. கையில் எடுத்துவிட்டு, பெட்டியைத் திருப்பிப் படித்ததும் வைத்துவிட்டேன். நீங்கள் திட்டுகிற சத்தம் கேட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீங்கள் கொடுத்தனுப்பிய கட்டிங் பிளேயரால்தான் எல்லாம் செய்தேன். வெளிச்சுவரில் மாட்டக்கூடாது, ஸ்டவ்வின் சூடு நேராகப் படுகிற இடத்திலும் கூடாது. உள்சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டினேன். காலை ஐந்தரைக்கு 68, வேலைக்குப் போனதும் 60, சாயங்காலம் மறுபடி 68, ராத்திரி 60. சட்டுச் சட்டென்று அணைந்து எரிந்தால் காயில் சீக்கிரம் போய்விடும். பற்றிக்கொள்ளவே கால் மணி ஆகிறது. அதனால் அணைகிற சூட்டுக்கும் மறுபடி பற்றுகிற சூட்டுக்கும் 3 டிகிரி இடைவெளி விட்டேன். ஃப்ளோட்டுக்குக் கயிறு நீளமாக விடுவீர்களே, அதேதான்.

எல்லாம் சரி. ஸ்டவ் பின்பக்கம் ஒயர் மாட்டுகிற ரெண்டு முனையையும் சேர்த்து, ஸ்டவ் கம்பெனியே ஒரு சின்ன ஒயரை லூப்பாகப் போட்டு அனுப்பியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரை மாட்ட வேண்டும். நான் கழற்றாமல் மாட்டிவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கண்ணைத் திறக்காமலே ஃபேன் ஏன் நின்றது, கரண்ட் போய்விட்டதா என்று யோசித்தேன். அம்மா ஓலை விசிறியைத் தேடித் தட்டுத்தடுமாறி வருவாளே, அந்தச் சத்தத்துக்காக அப்படியே படுத்திருந்தேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் இரும்புத் தட்டில் பெல்லட் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் 84 டிகிரி. டார்ச் அடித்ததும் தப்பு தெரிந்துவிட்டது. லூப் இருக்கிற வரை தெர்மோஸ்டாட் அணைக்கச் சொன்னாலும் ஸ்டவ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உடனே கழற்றவில்லை அப்பா. விடிந்த பிறகுதான் கழற்றினேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா காலையில் வழக்கம்போல் வந்தார். பனி முழங்கால் அளவு கிடக்கிறது, அவர் அரைக்கால் டவுசரில். வாசலில் தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதி, எனக்கும் வந்து ஒப்பிப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 6. என் வீட்டுக்குள் 84 என்றதும் சிரிக்கவே இல்லை. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். பொங்கலுக்கு ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொடுத்தவர் அவர்தான். 40 லிட்டர் மரச்சாறு காய்ச்சினால் 1 லிட்டர் பாகு, நம்ம பதநீர் காய்ச்சுகிற மாதிரி. அதை ஊற்றித்தான் பொங்கல் வைத்தேன். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்தில்கூட வராது, அவரிடம் சொல்லவில்லை.

பனங்காட்டு விஷயம். பெரியப்பா விற்கத்தான் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கிணற்றடிப் பங்கை அளந்து பிரித்த பிறகுதான் பவர் பத்திரம் அனுப்புவேன். அத்தையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். சொசைட்டியில் இருக்கிற அம்மாவின் சங்கிலிக்கு இந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். முதலைப் பங்குனிக்குள் பார்க்கலாம். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தும், பாங்கில் ஏதோ கணக்கு மாற்றுகிறார்கள்.

நம்ம தொட்டி ஃப்ளோட் சுவிட்சை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏணியில் நீங்கள் ஏறவேண்டாம். மாப்பிள்ளையை ஏறச் சொல்லிவிட்டு, கீழே நின்று திட்டுங்கள்.

உங்கள் அன்பு மகன்