அக்கா, நான் கீழே வரவில்லை

அக்கா,

அம்மாவின் தலைத்திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் முடிவைச் சொல் என்றாய். சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூருக்கு வரவில்லை. வீட்டையும் பள்ளத்துத் தோட்டத்தையும் கொடுப்பதாகவும் இல்லை.

ஊட்டியில் நம் சனம் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அது நம்மோடு இருக்கட்டும்.

நீர்ப்பனி முடிந்து நாலு நாளாக உறைபனி. வாசல் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே பள்ளத்தில் புல் வெளுத்துக் கிடக்கிறது. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் அல்லவா, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். மேலே வாசல் செவ்வந்தி சிரித்துக்கொண்டிருக்க, கீழே தேயிலைக் கன்று கருகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான்.

எனக்குப் பதினொன்று, உனக்குப் பதினேழு. முதல் நாள் சாயந்திரம் பனிக்கு மறைப்பாகக் கன்றுகள் மேல் பரப்பிய தாவை இலை கடைசி வரிசைக்குப் பத்தவில்லை. விடியுமுன் எழுப்பினாய். வெயில் படுவதற்குள் பனியைக் கழுவிவிட வேண்டும். ஓடையில் மொண்டு மொண்டு ஊற்றினோம். விரல் மரத்துப்போய்ப் பூவாளியைக் கீழே போட்டுவிட்டேன். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் இழுத்து உன் ஸ்வெட்டருக்குள் விட்டு வெறும் வயிற்றில் அழுத்திக்கொண்டாய். உனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. விடவில்லை. அப்போதுதான் ஓடைக் கல்லில் அந்தச் சாம்பல் வாலாட்டிக் குருவி வந்து உட்கார்ந்தது. மஞ்சள் வயிறு, நிற்காத வால். "இமயமலையிலிருந்து வருது பாப்பா. தேதி போட்டு எழுதி வை" என்றாய். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அன்றைக்குத் தொடங்கியது.

அப்படி எழுத வைத்தவளே, "அம்மா படுத்துக் கிடக்க, இவள் குருவியை எழுதிக்கொண்டிருந்தாள்" என்று சொல்லலாமா? மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போகிறவளுக்கு ராத்திரியின் நீளம் தெரியாது. அம்மாவைப் புரட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவேன். "மேகம். பனி இல்லை. கன்று தப்பிக்கும்." அவ்வளவுதான் எழுதுவேன். அதை எழுதினால்தான் மறுநாள் எழுந்திருக்க முடிந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறு. அம்மா போனது மூன்றே காலுக்கு. உனக்குப் போன் செய்தது ஆறு மணிக்கு. இருட்டில் மாமா மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்றுதான், என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரம் அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்றிருந்தது. ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவளுக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்பதும் தெரிகிறது. என்னை மன்னித்துவிடு அக்கா.

அம்மா இல்லாமல் தொடங்கிய முதல் பனிக்காலம். ஐப்பசியிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். இப்போது தினமும் இறங்கிப் போய்க் கன்றுகளைக் கழுவிவிட்டு அங்கேயே நிற்கிறேன். வெயில் முதலில் யூகலிப்டஸ் உச்சியில் விழும். அப்புறம் சரிவில் ஒவ்வொரு வரிசையாக இறங்கும். தொட்ட இடத்தில் ஆவி எழும். என் காலடிக்கு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகிறது. அழுவதெல்லாம் அதற்குள்தான். பிறகு மேலே வந்து காப்பி போட்டு நோட்டை எடுக்கிறேன். உன் ஃபிளாட்டில் எனக்கென்று அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டுவிட்டாயாம். நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அந்த ஜன்னலில் நான் என்னத்தைப் பார்ப்பேன்?

மாமாவிடம் பத்திர விஷயத்தை நானே பேசிக்கொள்கிறேன். நீ நடுவில் வராதே.

வாலாட்டி செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அதே கல்தான். திவசத்துக்கு முதல் நாளே வந்துவிடு. அம்மாவின் ஸ்வெட்டர் இரண்டையும் துவைத்து வைத்திருக்கிறேன். பச்சை உனக்கு. சாம்பல் நிறத்தை மட்டும் கேட்காதே.