அப்பாவுக்கு, பினாங்கின் தெருக்களைப் பற்றி

பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லைடி" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். மலை ரயிலும் கடற்கரையும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சரித்திர வாத்தியாரான உங்களுக்கு நான் காட்ட ஆசைப்படுவது ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை. அதற்கு வழிகாட்டியும் வேண்டாம், வாடகைக் காரும் வேண்டாம். பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலைப் பக்கம் பஸ் ஏறினால் நேரே படகுத்துறையில் போய் இறங்கலாம். இலவச வரைபடம் கிடைக்கிறது, ஆனால் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் நடந்து நடந்து நானே ஒரு வழி பழகி வைத்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். வருவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதலில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடி ஏற்றிய இடம். எதிரிகளிடமிருந்து காப்போம் என்று கெடா சுல்தானிடம் பேசித் தீவை வாங்கிக்கொண்டு, பிறகு கம்பெனி கைவிரித்துவிட்டது. பாளையக்காரர் கதையை வகுப்பில் நடத்திய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே டச்சுக்காரர்களின் பழைய பீரங்கி ஒன்று, 1603 என்று வருடம் பொறித்தது. பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் அதன்மேல் பூ வைப்பார்களாம். கோட்டை ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். வெளியே வந்தால் விக்டோரியா ராணியின் மணிக்கூண்டு. ராணி பட்டத்துக்கு வந்து 60 வருடம் ஆனதைக் கொண்டாட, வருடத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். கட்டிக் கொடுத்தவர் சியா சென் இயோக் என்ற ஒரு சீனச் செல்வந்தர். போர்க்காலத்துக் குண்டு அதிர்ச்சியில் லேசாகச் சாய்ந்து நிற்கிறது.

அங்கிருந்து திரும்பினால், நான் உங்களை நிறுத்தி நிதானமாகக் கூட்டிப் போக நினைத்திருக்கும் தெரு: மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. முதலில் 1818-இல் கட்டிய வெள்ளைத் தூண்கள் வைத்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைக் கட்டியது நம் நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் கைகள். சுற்றுலாப் பலகையைப் படித்துவிட்டு நகரும்போது இதை மறந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. கொஞ்ச தூரத்தில் சீனர்கள் கும்பிடும் குவான் யின் அம்மனின் கோயில். முற்றம் முழுக்க ஊதுவத்திப் புகை, கண் எரியும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வத்திகளும் உண்டு. அதையும் தாண்டினால் நம் மாரியம்மன் கோயில். ஆனால் இந்தச் சாலையில் நடப்பவர்களுக்குக் கோயிலின் முதுகுதான் தெரியும். வாசலும் கோபுரமும் கிழக்கே குவீன் தெருவில். 1833-இல் எழுப்பியது. சுற்றிக்கொண்டு போய்த்தான் கும்பிட வேண்டும்.

கோயிலுக்கு அடுத்துப் பெரிய பள்ளிவாசல். கறுத்த குவிமாடங்கள், வெளிர்மஞ்சள் சுவர். 1801-இல் இதைத் தொடங்கிய காதர் முகைதீன் நம் சோழமண்டலக் கரைக்காரர். இங்கிருந்த தென்னிந்திய முஸ்லிம்களுக்குக் கம்பெனி அங்கீகரித்த தலைவர், அதாவது கப்பித்தான். அந்தப் பதவிப் பெயரில்தான் பள்ளிவாசலும் சாலையும். ஒவ்வொரு சமூகத்துக்கும் அதன் தலைவர் வழியாக நிலம் கொடுத்து ஊரைக் கட்டினார்கள். கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது அதனால்தான். 'ஒற்றுமைத் தெரு' என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரைவிட, இங்கே நிலம் வாங்கிக் குடியேறிய வியாபாரிகளையும் கூலிக்காரர்களையும் நினைக்கத்தான் பிடிக்கிறது. நம் கரையிலிருந்து வரும் கப்பல்களில் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வந்து போவதாக லைட் 1794-இல் எழுதியிருக்கிறார். அப்படி வந்தவர்களின் பெயர்தான் சூலியா தெருவுக்கு.

அந்தச் சூலியா தெருவில் நீங்கள் அசந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது, அப்பா. நாகூர் தர்கா! நம் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால், கடல் தாண்டி வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சின்னது, நாலு மூலையிலும் குட்டி மினாராக்கள். வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டி பெட்டியாகக் கடைகள். நாகூரில் அந்தப் பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று சொல்லி, சந்தனக்கூடு அன்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அந்த ஞாபகத்தில் நான் இங்கே வெகுநேரம் நின்றிருந்தேன். புயலுக்கும் கடலுக்கும் பயந்து வேண்டிக்கொண்டு ஏறியவர்கள், கரை சேர்ந்ததும் முதலில் கட்ட நினைத்தவற்றில் இது ஒன்று. தாத்தாவும் ரஜூலா கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில்தான் மூட்டை தூக்கினார். இந்த வாசலில் ஒரு தடவையாவது நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பசி எடுக்கும் நேரம் அது. நாசி கண்டார் சாப்பிட வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியின் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுக் கப்பல் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. இப்போது கடைகளில் வரிசை நிற்கிறது. சோற்றின்மேல் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, மாட்டுக் குழம்பு ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். 'பஞ்சிர்' என்று சொன்னால் சோறு மூழ்கும் அளவுக்கு. எல்லாம் கலந்த அந்தக் குழம்புக்குத்தான் ருசி. வேண்டாத குழம்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அம்மாவுக்கு, அங்கே பக்கத்திலேயே இருக்கும் லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாடு.

லிட்டில் இந்தியாவில் நான் வாடிக்கையாகப் பூ வாங்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டியாம்மா?" என்பார். மல்லிகையோடு ஆர்க்கிட் பூவைச் சேர்த்துத் தொடுப்பது இங்கத்து வழக்கம். விரல் பார்க்காமலே முடிச்சுப் போடும். போன வாரம் ஒரு சீனப் பாட்டி வந்து, மலாயில் பேரம் பேசி, மாலை இரண்டு வாங்கிக்கொண்டு குவான் யின் கோயில் பக்கம் நடந்தார். அக்கா காசை எண்ணக்கூட இல்லை. வாடிக்கைக்காரர்.

இப்படிப்பட்டவர்கள்தான் இந்த ஊர் என்பது என் எண்ணம், அப்பா. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது. 2012-இல் லிதுவேனியாவிலிருந்து வந்த எர்னஸ்ட் ஸாகரேவிச் அர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளோடு இரண்டு குழந்தைகளை வரைந்தார். அழகான வேலை. அதன் முன் படம் எடுக்க எப்போதும் கூட்டம். ஆனால் எடுத்த கையோடு பலர் அடுத்த சுவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். பழைய கடை வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு நீங்கியதும் வாடகை ஏறி, தலைமுறையாக மாடியில் குடியிருந்து கீழே தொழில் செய்தவர்கள் நிறையப் பேர் வெளியேறிவிட்டார்கள். அந்த வீடுகள் பலவற்றில் இன்று தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும். சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிடலாம். அந்தச் சுவர்களுக்குள் ஊதுவத்தி உருட்டியவரையும் தொப்பி தைத்தவரையும் திரும்பக் கொண்டுவருவது யார்? வீட்டைக் காப்பாற்றச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை அதில் குடியிருப்பவருக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று எங்கள் லைனில் வேலை பார்க்கும் மலாய்த் தோழியிடம் சொன்னேன். அவளுடைய பாட்டி வீடும் இந்தப் பக்கத்தில்தான் இருந்ததாம். வெகுநேரம் பேசினாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சே தெருவில் 1808-ஆம் வருடத்து மலாய்ப் பள்ளிவாசல். கப்பலில் ஹஜ் போன காலத்தில் சுற்றுத் தீவுகளின் பயணிகள் இந்தத் தெருவில்தான் கூடினார்கள். பக்கத்தில் கூ கோங்சி, கூ குலத்தாரின் மண்டபம். 1901-இல் எரிந்து, 1906-இல் மறுபடி எழுந்தது. கூரை முழுக்கச் சிற்பம், கழுத்து வலிக்கும். முடிவில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், குலத்துக்கு ஒரு பாலம். சியூ குலத்துப் பாலத்தில் மாலை வெயிலில் உட்காரலாம். மக்கள் குடியிருக்கும் வீடுகள், வாசலில் எட்டிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இந்தத் தெருக்களே வேறு மாதிரி ஆகிவிடும். பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் விடிகாலையில் புறப்படும். 2017 முதல் குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதத்தில் வேல் போகிறது. ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். மலைபோல் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் நிறைய. சிதறியதை வாரி அள்ளிக்கொண்டே போக ஆட்கள் பின்னால் வருவார்கள். அம்மாவை ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம், தெறிக்கும்.

வெயில் சுள்ளென்று அடிக்கும், திடீரென்று மழையும் கொட்டும். கடைகளின் மாடிக்குக் கீழே நிழல் நடைபாதை ஓடுகிறது, ஆனால் கடைக்குக் கடை மேடும் பள்ளமும். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வேண்டாம், பழகினதையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஊருக்குள் சுற்றும் இலவச பஸ் இருக்கிறது.

தகரப் பெட்டியில் தாத்தா எழுதிய கடிதங்கள் இருந்தால் அனுப்புநர் விலாசத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தெருப் பெயர் தெரிந்தால் நான் முன்கூட்டியே போய்த் தேடி வைக்கிறேன். வரும்போது அம்மா போட்ட வடகம் கொஞ்சம். டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்லுங்கள். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்