பழைய டர்போ காரைப் பொய்யான பரிசோதனை அறிக்கை தந்து விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்களிடம் ஆக்டேவியா ஆர்எஸ் கார் வாங்கிய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
பழைய கார் விற்பனை நிறுவனம், தலைமை அலுவலகம்.

பொருள்: 2005-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் – பரிசோதனை அறிக்கையில் தவறான தகவல்கள் – பழுதுச் செலவைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கோயம்புத்தூர் கிளையில் கடந்த மார்ச் மாதம் மேற்கண்ட காரை, அதாவது ஆக்டேவியாவின் வேக வகையான ஆர்எஸ்ஸை, 5,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். காரோடு தாங்கள் முத்திரையிட்டுத் தந்த பரிசோதனை அறிக்கையில் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துத் திறனைக் கூட்டும் பாகம்) அசலானது என்றும், டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் பட்டை) அண்மையில் மாற்றப்பட்டது என்றும், முழு சிந்தடிக் எண்ணெய் ஊற்றப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. மூன்றும் பொய். விளம்பரத்தில் வாக்களித்த சர்வீஸ் புத்தகமும் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

இதைத் தொலைபேசியில் முறையிட்டபோது, தங்கள் கிளை மேலாளர் "இருபது வருடத்துக் கார் சார், இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்றார். இருபது வருடத்துக் காரில் என்னவெல்லாம் வரும் என்பது தெரிந்துதான் வாங்கினேன். மேற்கூரைத் துணி தொய்ந்து தொங்குகிறது. பின்பக்க ஜன்னல் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து கண்ணாடி கதவுக்குள் இறங்கிவிட்டது. இக்னிஷன் காயில் ஒன்று போனது; நான்கையும் சேர்த்தே மாற்றினேன். முன்பக்க புஷ்களும் தேய்ந்திருந்தன. இவற்றில் ஒன்றுக்கும் தங்களிடம் ஒரு ரூபாய்கூட நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பழைய கார் வைத்திருப்பவன் ஏற்க வேண்டிய செலவுகள் அவை. மகிழ்ச்சியோடுதான் ஏற்றேன்.

ஆனால் தாங்கள் என்னிடம் வாங்கியது பழைய காருக்கான விலை அல்ல. அதே வயதுள்ள சாதாரண ஆக்டேவியா இதில் பாதி விலைக்குக்கூடப் போகாது. 2004-இல் ஆர்எஸ் இங்கே வந்தபோது, டர்போ பெட்ரோல் இன்ஜின் என்பதே நம் சந்தையில் அரிது. 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்தாக 20 வால்வுகள், 150 குதிரைத்திறன். உலக ராலிப் போட்டிகளில் ஓடிய ஆக்டேவியாவின் பெயரைத் தாங்கி வந்த கார் அது. அன்று கல்லூரியில் படித்த என்னைப் போன்றோர் இன்று அதைத் தேடி வாங்குகிறோம் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால்தான் விளம்பரத்தில் ‘மாடர்ன் கிளாசிக்’ என்றும், ‘எதுவும் மாற்றப்படாத அசல் நிலை’ என்றும் போட்டு விலையை ஏற்றினீர்கள். அதே விளம்பரத்தில் 180 குதிரைத்திறன் என்றும் இருந்தது. அது ஐரோப்பாவில் விற்ற ஆர்எஸ்ஸின் கணக்கு. இந்தியாவில் விற்ற காருக்கு அந்தத் திறன் என்றுமே இருந்ததில்லை. விற்கும் காரைப் பற்றி இந்த அளவுக்குக்கூட அறியாதவர்கள் அதன் டர்போ அசலா இல்லையா என்று எப்படிச் சான்றளித்தீர்கள்?

டர்போவின் கதைக்கு வருகிறேன். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றத்தில், 9-ஆம் கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது புகைபோக்கியிலிருந்து நீலப் புகை கிளம்பியது. லோம்ஸ் வியூவில் ஓரங்கட்டினேன். இன்ஜின் ஐடிலில் இருக்கையில் சிவப்பு நிற எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கியது. உடனே அணைத்துவிட்டு, காரை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். ஜெர்மானியக் கார்களையே பல காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் ஒருவர் என் முன்னிலையில் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்தையும் படமும் காணொளியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த இன்ஜினுக்குரியது கே03 வகை டர்போ. அதன் தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் என் காரில் இருந்த டர்போவின் உறையில் எங்கும் இல்லை. வார்ப்பு கரடுமுரடாக இருந்த மலிவான போலி அது. அச்சைக் கையால் அசைத்தாலே ஆடியது. கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசித் தேய்ந்திருந்தன. இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பைக் கழற்றியபோது காரணமும் தெரிந்தது. பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் குழாயின் சல்லடை, தார் போல் இறுகிய கசடால் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. டர்போ அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. இரும்பும் இரும்பும் உரசாமல் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அசல் டர்போ போனபோது யாரோ கசடைத் துடைக்காமல், எண்ணெய்க் குழாயையும் மாற்றாமல், போலி ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார்கள். எண்ணெய் போய்ச் சேராத இடத்தில் எந்த டர்போவும் நிலைக்காது. பரிசோதித்தவர் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டிருந்தாலே அச்சின் ஆட்டம் தெரிந்திருக்கும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

எண்ணெய் பற்றி தங்கள் ஆவணமே சாட்சி சொல்கிறது. சர்வீஸ் விவரம் கேட்டபோது தங்கள் பட்டறையின் வேலைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். அதில் 20 டபிள்யூ-50 என்ற கெட்டியான சாதாரண எண்ணெய், 4 லிட்டர் என்று இருக்கிறது. இந்த இன்ஜின் கேட்பது ஃபோக்ஸ்வேகனின் 502 00 தரச் சான்றுள்ள 5 டபிள்யூ-40 முழு சிந்தடிக் எண்ணெய். தேய்ந்த டர்போவின் புகையைச் சில காலம் அடக்கிவைக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது பழைய கார் வியாபாரத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். தங்கள் பட்டறையின் நோக்கம் அதுதானா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சீட்டில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றுமாக எழுதியது ஏன் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

டைமிங் பெல்ட் விஷயம் இதைவிட ஆபத்தானது. பெல்ட்டில் அச்சிட்டிருந்த ஆண்டு 2013. ஓரங்கள் நார் நாராகப் பிரிந்திருந்தன. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் மேலேறி வால்வுகளை இடித்து வளைத்துவிடும். அதோடு இன்ஜின் முடிந்தது. அந்தப் பெல்ட்டோடுதான் என் மனைவியையும் பிள்ளைகளையும் மலைப்பாதையில் அழைத்துச் சென்றேன். மாற்றியாகிவிட்டது என்ற தங்கள் அறிக்கையை நம்பித்தான் அதைத் திறந்து பார்க்காமல் விட்டேன்.

இத்தகைய காருக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. விண்டேஜ் என்று பதிவு செய்ய 50 ஆண்டுகள் ஆக வேண்டும். 20 ஆண்டு தாண்டியதால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமோ 10,000 ரூபாயாக ஏறிவிட்டது. எனவே இந்தக் காரின் மதிப்பு முழுவதும் அதன் அசல் பாகங்களிலும் கோப்பிலும்தான் இருக்கிறது. எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில், என்ன செய்தார்கள் என்ற தாள்களுக்குத்தான் நான் கூடுதல் பணம் கொடுத்தேன். அந்தத் தாள்கள் எங்கே?

தங்கள் உத்தரவாதத்தில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கும் டர்போவுக்கும் விலக்கு உண்டு என்று மின்னஞ்சலில் தெரிவித்திருந்தீர்கள். நான் உத்தரவாதத்தின் கீழ் எதுவும் கேட்கவில்லை. நடக்காத வேலையை நடந்ததாகவும், போலியை அசல் என்றும் எழுதிக் கொடுத்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்கிறேன். அதை எந்த விலக்கும் மூடாது. பயன்பாட்டுக் கழிவு போக மீதியைத் தந்து காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். காரைத் தர மாட்டேன். இதை யார் கையில் கொடுப்பீர்கள் என்பது இந்த அறிக்கையிலேயே தெரிகிறது. இன்னொருவர் இதேபோன்ற அறிக்கையை நம்பி மலையேறுவார். இல்லையென்றால் கார் பாகம் பாகமாகப் பிரிந்துபோகும். நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் ஆர்எஸ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதை நான் ஓடவைப்பேன்.

அசல் டர்போ, எண்ணெய்க் குழாய், சம்பும் சல்லடையும் சுத்தம் செய்தது, டைமிங் பெல்ட், அதோடு சேர்த்து மாற்றிய வாட்டர் பம்ப், காரை ஏற்றி வந்த கட்டணம் எல்லாம் சேர்த்து 1,74,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ரசீதுகளையும், கழற்றிய பாகங்களின் படங்களையும், தங்கள் வேலைச் சீட்டின் நகலையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். போலி டர்போவும் பழைய பெல்ட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தங்கள் பொறியாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அத்தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். முந்தைய உரிமையாளரிடமிருந்து பெற்ற சர்வீஸ் புத்தகத்தையும் ரசீதுகளையும் அனுப்ப வேண்டும். அவை தங்களிடம் வரவே இல்லை என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் தளத்தில் இன்னொரு ஆர்எஸ் அதே வாசகங்களோடும் அதே 180 குதிரைத்திறனோடும் இன்றும் விற்பனைக்கு நிற்கிறது. அந்தக் காரின் பெல்ட்டையும் டர்போவையும் திறந்து பார்க்கும்வரை அவ்விளம்பரத்தை நிறுத்திவையுங்கள். எனக்குப் பணம் வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். தங்கள் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடர அச்சட்டம் இடமளிக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.