பாலாற்றில் கப்பல் விடும் சட்டம்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களோ, உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர்களோ நிறைவேற்றியதுதான். அதன் அட்டவணையில் 111 நீர்வழிகள். 75ஆவது எங்கள் பாலாறு. வேலூரை அடுத்த விருதம்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்தில் கடலில் சேரும் வரை, ஏறத்தாழ 140 கிலோமீட்டர், சட்டப்படி கப்பல் போகும் பாதை. அந்த அட்டவணையிலிருந்து பாலாற்றை நீக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தரைப்பாலம் உடைந்தது. பல ஆண்டு வறண்டு கிடந்த ஆறு, வந்தபோது கரை கொள்ளாமல் வந்தது. சிமெண்டுக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு இன்றும் அதே இடத்தில் கிடக்கின்றன. அவற்றின் ஓரமாகக் கிராவல் கொட்டி ஊரார் ஒரு பாதை போட்டிருக்கிறோம். மழை வந்தால் அது கரைந்துவிடும், மறுபடி கொட்டுவோம். தண்ணீர் முழங்கால் அளவு ஓடும் நாட்களில் பால்காரர் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார். பள்ளிக்கூடப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பையை ஒருவர் பிடித்தபடி கடக்கிறார்கள். அதற்கும் மேல் தண்ணீர் ஏறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

உயர்மட்டப் பாலத்துக்கான கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க, அண்மையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். “ஆறு தேசிய நீர்வழியில் வருகிறது. பாலத்துக்கு அடியில் கலங்கள் போய்வரப் போதிய உயரமும் அகலமும் இருக்கிறது என்று தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்” என்றார் பொறியாளர். சொல்லி முடித்ததும் அவரே தலையைக் குனிந்துகொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டத்தில் இருப்பதைத்தானே அவர் சொல்ல முடியும்?

நீர்வழிகளை வகைப்படுத்தும் விதிகளில் மிகச் சிறிய வகுப்புக்குக்கூட 1.2 மீட்டர் ஆழமும் 30 மீட்டர் அகலமும் வேண்டும். பாலாற்றில் அந்த ஆழம் எங்கே இருக்கிறது? மணல் அள்ளிய பள்ளங்களில் இருக்கிறது, மழைக்காலத்தில் சில நாட்களுக்கு. வாலாஜா அருகே வெள்ளைக்காரன் காலத்து அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை நிற்கிறது. கடலை நெருங்கினால் வயலூரில் மாநில அரசு கட்டிய தடுப்பணை. நிலத்தடி நீர் ஊறவும் உப்புநீர் உள்ளே ஏறாமல் இருக்கவும் அது வேண்டும்தான். கப்பல் அதை எப்படித் தாண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் ஆறு படகு செல்லத்தக்கதா என்பதற்காக அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடுகிறார்கள். ‘டேனியல் பால்’ என்ற நீராவிக் கப்பலின் வழக்கில் 1871இல் வகுத்த அளவுகோல் இன்றும் அங்கே செல்லுபடியாகிறது: இயல்பான நிலையில் அந்த ஆற்றில் வணிகப் போக்குவரத்து நடந்ததா, நடக்கக்கூடுமா? யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி வழக்கில், தீவுகளுக்கு ஆடுமாடு ஏற்றிப்போன பண்ணைக்காரர்களின் படகுகள் சாட்சியத்தில் இடம்பெற்றன. மொன்டானா மாநில வழக்கில் 2012இல், ஆற்றை மொத்தமாக எடை போடாமல் பகுதி பகுதியாகப் பாருங்கள் என்றது நீதிமன்றம். அங்கே ஆற்றைக் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். இங்கே நாடாளுமன்றம் ஒரு எண்ணைக் கொடுத்தால் வறண்ட மணலும் நீர்வழி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவாததோடு நிற்காமல் எங்கள் பாலத்தையும் அல்லவா மறிக்கிறது!

இத்தனை அக்கறை பாலாற்றின் மேல் இருந்திருந்தால் வேறு எத்தனையோ செய்திருக்கலாம். ஆற்று நீரைப் பற்றிச் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட 1892ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இருந்தும் ஆற்றின் மேல்பகுதியில் தடுப்பணைகள் எழும்பின. ஆந்திரத்தின் குப்பம் அணைத் திட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி 1996இல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025இலும் அதே ஆற்றுக்காக அதே கழிவைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கழிவு தடையில்லாச் சான்று கேட்காமல் ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் பாலத்துக்குத்தான் சான்று வேண்டுமாம்!

கோபம் எங்கோ இழுத்துப் போகிறது, பொறுத்தருளுங்கள். நீர்வழிப் போக்குவரத்துக்கு நான் எதிரி அல்ல. கங்கையில் சரக்கு போகட்டும், கேரளத்துக் காயல்களில் போகட்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் நடக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியல்படி, இயந்திரப் படகுகளுக்கான தேசிய நீர்வழியை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சட்டத்தின் அட்டவணையில் ஏறிய பெயரை எடுப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறீர்கள். கட்சி வேறுபாட்டுக்கு இதில் இடமே இல்லை. பாலாற்றை அட்டவணையிலிருந்து நீக்க உங்களில் ஒருவராவது வரும் கூட்டத்தொடரில் தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். அதுவரை, இங்கே கட்டப்படும் பாலங்களுக்குக் கப்பல் இடைவெளிச் சான்று தேவையில்லை என்று துறை அமைச்சரிடம் ஓர் உத்தரவு வாங்கித் தாருங்கள். அவையில் ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: 2016க்குப் பிறகு 75ஆம் எண் தேசிய நீர்வழியில் எத்தனை டன் சரக்கு சென்றது? பதில் வந்ததும் அதன் நகல் ஒன்றை எங்கள் ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பிவைத்தால், அந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொல்வேன்.

பணிவன்புடன்,
பாலாற்றங்கரை வாக்காளன் ஒருவன்