காசி அண்ணன் கேட்ட கேள்வி

அன்புள்ள செல்வம்,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி தொடக்கநிலை ஒன்றுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சென்ற ஞாயிறு ஈசூனுக்குப் போய்க் காசி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறதாம். காரணம் இன்னதென்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். "சிகரெட்டைத் தொட்டதில்லை, சிமென்டு வேலைக்குப் போனதில்லை, பிறகு எப்படியடா வந்தது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு நா எழவில்லை.

தேக்காவில் நம் கடையின் பின்கட்டு உனக்கு நினைவிருக்கிறதா? புது மூட்டையைப் பிரித்துப் பாலியெஸ்டர் சேலைகளை உதறி உதறி மடிக்கும்போது, மூன்று மணி வெயிலில் தூசு மின்னிக்கொண்டே இறங்கும். அதைப் பஞ்சு என்றுதான் சொல்லிவந்தோம். அந்தச் சேலையில் பஞ்சு ஏது, செல்வம்? அத்தனையும் பிளாஸ்டிக் இழை. மாலையில் காசி அண்ணன் மூக்கைத் துடைத்த கைக்குட்டையைப் பார்த்தே அன்றைய சரக்கு நீலமா சிவப்பா என்று நீ சொல்வாய், நாம் சிரிப்போம்.

வீட்டுக்கு வந்து நாலைந்து இரவுகள் இதைப் பற்றியே படித்தேன். 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும், நைலான் இழையைப் பொடியாக நறுக்கித் துணியில் ஒட்டும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்து, அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூசில் நின்றவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் 2022இல் இங்கிலாந்தில், அறுவை சிகிச்சையின்போது எடுத்த 13 நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்தபோது 11இல் நுண்ணெகிழி, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், இருந்திருக்கிறது. மூச்சுக்குழாய் மிகக் குறுகிப்போகும் அடிப்பகுதிவரை அது இறங்கியிருந்ததை ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை. அங்கே அதிகம் கிடைத்த இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்று, நம் சேலைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் செய்யப்படும் அதே பொருள்.

நேற்றுப் பேத்தி அறையின் ஏர்கான் வடிகட்டியைக் கழற்றினேன். சாம்பல் நிறக் கம்பளிபோல் ஒரு படலம் அப்படியே உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரோஜா நிறத்திலும் பச்சையிலும் நூல்கள். அவள் போர்வையின் நிறங்கள்! புகைமூட்டம் வந்தால் காற்றுத்தரக் குறியீட்டை மணிக்கொரு தரம் பார்த்துச் சன்னலை அடைக்கிறோம். ஆனால் பாரிஸில் அளந்து பார்த்தபோது, இத்தகைய இழைகள் வெளிக்காற்றைவிட வீட்டுக் காற்றில்தான் அதிகம் இருந்தனவாம். மேலும் அந்தக் குறியீடு துகள்களை அளவையும் எடையையும் வைத்துக் கணக்கிடுமே தவிர, அவை மண்ணா நெகிழியா என்று காட்டாது. போர்வையைப் பருத்திக்கு மாற்றிவிட்டேன். மழை இல்லாத காலைகளில் சன்னலைத் திறந்து வைக்கிறேன். துடைப்பத்தை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம்.

தீபாவளியன்று தொலைபேசியில் பேசும்போது நீயும் இருமினாய். சளி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே, இந்த வாரமே மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள். மருத்துவரிடம் இருபது ஆண்டுத் துணிக்கடை வேலையையும் மறக்காமல் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஈசூனுக்குப் போகிறேன். அவர் கட்டாயம் அதே கேள்வியைக் கேட்பார். இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா, வேண்டாமா? அதற்குள் எழுது.

அன்புடன்,
ராமு