குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: எந்த வேலைக்கு ஆள் வந்தது, எதற்கு வரவில்லை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தூர்வாரல், கரை, வரத்து வாய்க்கால், கலங்கல் (குளம் நிரம்பியபின் மிகுநீர் வழிந்தோடும் இடம்), கூரைநீருக்கான உறிஞ்சுகுழி ஆகிய பணிகள் நிறைவேறிவிட்டன. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் பொய்க்கும் மழைக்குக் குளத்தைத் தயார் செய்ய ஆட்கள் எதனால் வந்தார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறோம். அடுத்த குழுவுக்கு ரசீதுகளைவிட இது கைகொடுக்கும்.

முதல் துண்டறிக்கையில் வெள்ளம், வறட்சி, வெப்பம் எல்லாவற்றையும் எழுதினோம். படித்தவர்கள் ஆமோதித்தார்கள், மண்வெட்டி எடுத்தவர்கள் சிலர்தான். 2019இல் ஆன் வான் வால்கென்கூட், லிண்டா ஸ்டெக் என்ற இரு உளவியலாளர்கள் 23 நாடுகளில் நடந்த 106 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காலநிலை பற்றிய அறிவுக்கும் பட்ட அனுபவத்துக்கும் செயலோடு இருந்த தொடர்பு குறைவு. ‘என்னால் முடியும்’, ‘செய்தால் பலன் உண்டு’, ‘மற்றவர்களும் செய்கிறார்கள்’ என்ற எண்ணங்களுக்குத் தொடர்பு வலுவாக இருந்தது. கவலையும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் கவலைப்படுகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்காவிட்டால் அது பேச்சோடு போய்விடும்.

இரண்டாம் அறிவிப்பு ஒரே வரி: ‘சனி காலை 6 முதல் 8 வரை, 7ஆம் கட்டம், 12 பேர் தேவை, சட்டி இங்கேயே உண்டு.’ குளத்தின் அடியைச் சுண்ணாம்புத் தூளால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்திருந்தோம். மேல் வண்டலை இயந்திரம் எடுத்தது. கடைசி 15 செ.மீ. கைக்கு விடப்பட்டது. ஒரு கட்டத்துக்கு அது 3.75 கன மீட்டர். வெட்டிய மண் கால்வாசி உப்பும் என்பதால் ஏறத்தாழ 4.7 கன மீட்டர், அதாவது 10 லிட்டர் சட்டியில் 470 சட்டி. வரிசையாக நின்று கைமாற்றினால், 10 நொடிக்கு ஒன்று வீதம் 80 நிமிடத்துக்குள் கட்டம் முடியும். வந்தவர் வீடு திரும்பும்போது முடிந்த கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்த 15 செ.மீ. ஒப்புக்கு விடப்பட்டதல்ல. வண்டலுக்குக் கீழே உள்ள களிமண் படுகைதான் நீரைத் தாங்குகிறது. இயந்திரத்தின் பல் அதைக் கிழித்தால் நிரம்பிய குளம் சில வாரத்தில் கசிந்து வற்றும். ஆகவே முதலில் சோதனைக் குழிகள் வெட்டி, கருத்த, இளகிய வண்டல் எங்கே முடிந்து இறுகிய களி தொடங்குகிறது என்று அளந்தோம். கை உண்மையிலேயே தேவைப்படும் வேலைக்கும் புகைப்படத்துக்கான வேலைக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்கள் முதல் அரைமணியிலேயே கண்டுகொள்கிறார்கள்.

எடுத்த வண்டலைக் கரையில் போடலாமே என்று பலர் கேட்டார்கள். மக்கிய இலைதழை கலந்த வண்டல் இறுகாது, காய்ந்தால் வெடிக்கும். கரைக்குக் களி கலந்த மண்ணே போட்டோம். 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்கினோம். பிடித்த உருண்டை உதிரக் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது. தடித்த அடுக்காகக் கொட்டினால் மேல்பகுதி மட்டும் இறுகி, உள்ளே பொந்து நிற்கும். நீர் அங்கேதான் வழி பார்க்கும்.

அறிவிப்புப் பலகை விஷயத்தில் நாங்கள் தவறினோம். வராதவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்தோம்; ‘பெரும்பாலோர் வருவதில்லை’ என்பதே அதன் செய்தியாகிவிட்டது. முடிந்த கட்டங்களுக்கு வண்ணம் பூசிய வரைபடத்தை மாட்டியதும் எஞ்சிய கட்டங்களை மக்களே கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

வராதவர்களுக்கு அபராதம் போடும் யோசனையை ஏற்கவில்லை. ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னும் குறையவில்லை. கடமையாக இருந்தது விலை கொடுத்து வாங்கும் உரிமையாகிவிட்டது. 2000இல் வெளியான அந்த ஆய்வு எங்களுக்குப் போதுமான எச்சரிக்கை.

உறிஞ்சுகுழியில் அடியில் பெருங்கல், நடுவில் சரளை, மேலே பருமணல். மணலுக்கும் சரளைக்கும் நடுவே வலை. வலை இல்லாவிட்டால் மணல் சரளைக்குள் இறங்கி முழுக் குழியையும் அடைக்கும். மணல் மேலே இருப்பதால் சேறு அங்கேயே படியும், சுரண்டி எடுக்கலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை 100 லிட்டர். தூசும் பறவை எச்சமும் வரும் முதல் 2 மி.மீ., அதாவது 200 லிட்டரை வெளியேற்றத் தனி வால்வு உண்டு. மழை தொடங்கும்போது அதைத் திறந்துவிட்டுப் பின் மூடவேண்டும். இதைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் கடினம்.

வாய்க்கால் முகப்பில் கட்டிய வண்டல் தொட்டிக்கும் இதே கதிதான். தூர்வார வந்த கூட்டத்தில் பாதிகூட அதைச் சுத்தம் செய்ய வரவில்லை. பலன் கண்ணில் படாத வேலை அது. தொட்டிச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சிவப்புக் கோடு போட்டோம். சேறு அதைத் தொட்டால் அள்ளவேண்டும். பொறுப்பைப் பொதுவில் விடாமல், வாய்க்காலை ஒட்டிய வீடுகளுக்கு மாதமுறை வைத்து, தொட்டி மூடியின் சாவியையும் கொடுத்துவிட்டோம்.

கலங்கலில் மணல் மூட்டை அடுக்கிக் கூடுதல் நீர் தேக்க வேண்டாம். நிறைமட்டத்துக்கு மேல் 1 மீட்டர் கரை விட்டிருப்பது பெருமழையில் அலையும் வெள்ளமும் கரை தாண்டாமலிருக்க. நல்லெண்ணத்தில் வைக்கும் மூட்டையே கரை உடையக் காரணமாகும்.

வால்வுக்கான பொறுப்பாளர் இடம் இன்னும் காலி. முன்வருவோர் அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுக்கவும், அரைமணியில் கற்றுத்தருவோம்.

திருப்பணிக் குழு